அரைமணியின் நாலாம் நம்பர்

இன்டர்நெட்டுக்கும் மூடும் நேரம் உண்டு என்று இன்றும் நம்புகிற ஒரே மனிதர் மைசூரில் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அரைமணி. அப்பா அம்மா வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை.

ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஆறு கம்ப்யூட்டர், ஆறு நாற்காலி, ஒரு நோட்டு. வருகிறவர் பெயருக்கு நேரே 'இன்', போகும்போது 'அவுட்'. அரை மணி ஆனதும் நாற்காலி முதுகில் பேனாவால் தட்டுவார். "டைம் ஆயித்து, எழுந்திருங்க!" மகனுக்கு மெயிலில் பதினேழு வரி அடித்திருந்தேன், அனுப்புவதற்குள் எழுப்பிவிட்டார்.

பிறகு எல்லோர் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்தது. ஆறு நாற்காலியும் காலியாயின. கடையை மூடிவிட்டுத் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் ஆனார். நாற்பத்து மூன்று பேர் உள்ள குழுவில் ஒரே நேரத்தில் ஆறு பேர்தான் எழுதலாம். ஆளுக்கு அரை மணி. இன், அவுட் கட்டாயம். குழாயில் தண்ணீர் விடும் நேரம் அவருக்குத்தான் முதலில் தெரியும் என்பதால் தெரு பொறுத்துக்கொண்டது.

ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும் எதிர்வீட்டு ரம்யா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"அங்கிள், அவங்கவங்க போன், அவங்கவங்க நெட். எதுக்கு க்யூ?"

"இரலி பிடம்மா, இருக்கட்டும் விடு. எல்லாரும் ஒண்ணா பேசினா கேக்கறது யாரு?"

எனக்கு நாலாம் நம்பர். காலை ஆறரை முதல் ஏழு. தனியாக இருப்பவனுக்கு அந்த அரை மணிதான் பேச்சுத்துணை. ஒருநாள் பதினொரு குட்மார்னிங் படம் அனுப்பினேன். "நாலாம் நம்பர், இதென்ன கல்யாண ஆல்பமா?" என்று குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மறுநாளே விலகுவதென்று தீர்மானித்தேன்.

மறுநாள் ஆறரைக்குப் பழக்கத்தில் 'இன்' போட்டேன். காப்பி குடித்துவிட்டு விலகலாம் என்று சமையலறைக்குப் போனவன் வழுக்கி விழுந்தேன். இடுப்பு அசையவில்லை. போன் ஹாலில். ஒன்பது முறை கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு நாலுக்குக் கதவு இடிபட்டது.

"நாலாம் நம்பர்! அவுட் போடலியே! டைம் ஆயித்து, எழுந்திருங்க!"

"எழுந்திருக்க முடியலப்பா!"

பின்கதவுத் தாழ்ப்பாள் நாலாவது உதையில் விட்டது.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். குழுவில் நாற்பத்தொரு பேர் கும்பிடும் கை அனுப்பினார்கள். அரைமணி ஒன்றும் அனுப்பவில்லை. தினமும் நேரில் வந்தார். அரை மணி ஆனதும் தானே எழுந்து போனார்.

வீடு திரும்பிய மறுநாள் காலை ஆறரைக்கு 'இன்' போட்டேன். உடனே பதில் வந்தது.

"நாலாம் நம்பர இதுவரைக்கும் யாருக்கும் கொடுக்கல சார். உக்காருங்க."

அன்று ஏழு பன்னிரண்டு வரை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தட்டவில்லை.