கரடி வேடத்துக்குக் கரடி வேண்டாம்

ஒரு காட்டில் ஒரே ஒரு தியேட்டர் இருந்தது. அதில் மாறி மாறி ஓடிய படங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஒரு மூஞ்சி இருந்தது. புள்ளிமான் மூஞ்சி.

காரணம் ரொம்ப ஆழமானது, கவனமாகக் கேளுங்கள். அங்கே முதன்முதலில் வெற்றி பெற்ற படத்தில் நடித்தது ஒரு புள்ளிமான். போஸ்டருக்காக மரங்கொத்தி ஒரு பெரிய பலகை செய்து கொடுத்தது. அரிவாள் தூக்கிய கை, காற்றில் பறக்கும் சட்டை, பின்னால் வெடிக்கும் ஜீப், எல்லாம் வரைந்தாயிற்று. முகத்துக்கு மட்டும் ஓட்டை. ஹீரோ பின்னால் நின்று தலையை நுழைத்தால் போட்டோ எடுத்து ஒட்டிவிடலாம். அடுத்த படத்துக்கும் அதே பலகை. அதற்கடுத்த படத்துக்கும் அதே. ஓட்டையில் யார் முகம் பொருந்துகிறதோ அவர்தான் ஹீரோ. முதல் மானுக்குப் பிறகு அதன் தம்பி பொருந்தினான். அப்புறம் தம்பியின் மச்சான். இப்போது மச்சானின் மகன் ரித்விக். பட்டம் 'பாயும் மின்னல்'.

"இது அண்ணனைக் கொன்னவனைப் பழிவாங்குற படமா, தங்கச்சியைக் கொன்னவனையா?" என்று ரசிகர்கள் இடைவேளையில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

அந்தக் காட்டில் பேச்சிமுத்து என்று ஒரு கரடி. அவன் மகள் செண்பகம் பள்ளிக்கூடம் போகுமுன் உடம்பெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொள்வாள்.

"எதுக்கும்மா இது?"

"கரடி மூஞ்சிய யாருப்பா பார்ப்பாங்க? சினிமால ஒரு கரடியாச்சும் வந்திருக்கா?"

"ஏன், போன படத்துல அப்பா அடியாளா வந்தேனே!"

"ஆமா. முதல் அடிலயே செத்துட்ட."

ஒரு தடவையாவது தன் மூஞ்சி திரை முழுக்க வர வேண்டும், அதைப் பார்த்து மகள் அந்தப் புள்ளிகளைக் கழுவ வேண்டும். பேச்சிமுத்துவுக்கு வேறு ஆசையே இல்லை.

அதிர்ஷ்டம் பாருங்கள், இயக்குநர் உடும்பு அவன் வீட்டுக்கே வந்தது. கோடையில் காடு பற்றி எரிந்தபோது பேச்சிமுத்து அணில் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நெருப்பைத் தாண்டியவன். அந்தக் கதையை உடும்பு கேள்விப்பட்டிருந்தது.

"அண்ணே! உங்க வாழ்க்கையைப் படமா எடுக்கிறேன். ரத்தமும் சதையுமா! மண் வாசனையோட!"

"நடிக்கிறது நான்தானே சார்?"

"உங்களை விட்டா யாரு? சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு முதலாளி ஆபீசுக்கு வந்து பலகைல தலைய விட்டுட்டுப் போயிருங்க."

விட்டான். மூக்கு மட்டும் நுழைந்தது.

"ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கலாமே சார்?"

"எனக்கு ஓகேதான். முதலாளி ஒத்துக்க மாட்டார்" என்றது உடும்பு.

தயாரிப்பாளர் காட்டெருமையிடம் போனான். "எனக்கென்னய்யா ஆட்சேபணை? தியேட்டர்காரர் படத்தை வாங்க மாட்டாரே" என்றது.

தியேட்டர்கார ஆந்தை கொட்டாவி விட்டது. "பகல்ல எனக்கு எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். ஜனங்க பார்க்க மாட்டாங்கப்பா."

வாசலில் டிக்கெட்டுக்கு நின்ற முயலைக் கேட்டான். "நாங்க எப்பய்யா மான்தான் வேணும்னு கேட்டோம்? போடுறதைப் பார்க்கிறோம்!"

சுற்றிச் சுற்றித் திரும்பவும் உடும்பிடமே வந்து நின்றான். உடும்பு அவன் தோளில் கை போட்டது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. உங்ககிட்ட கரடி லுக் கம்மியா இருக்கு."

ரித்விக்குக்குக் கரி பூசிக் கரடியாக்கினார்கள். டிவியில் ரித்விக் கண் கலங்கப் பேட்டி கொடுத்தான்: "ஆக்சுவலா, இந்தக் கேரக்டருக்காக நான் கரடியாவே வாழ்ந்தேங்க. வெறும் தேன்தான் சாப்பாடு. சுகர் இல்லாத தேன்."

நெருப்புக் காட்சி வந்ததும் கரடியாகவே வாழ்ந்தவன் கேரவனுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள்.

"முதுகு மட்டும் தெரியுற மாதிரி ஓடுங்கண்ணே. மூஞ்சியத் திருப்பிடாதீங்க."

தன் நெருப்பைத் தானே இரண்டாம் தடவை தாண்டினான்.

படம் வெளியானது. பேச்சிமுத்து மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தான். நெருப்புக் காட்சியில் தியேட்டரே விசிலில் கிழிந்தது. செண்பகம் நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள்.

"அப்பா! ரித்விக் உன்னைவிட நல்ல கரடிப்பா!"

பேச்சிமுத்து எழுந்தான். நேராகத் தயாரிப்பாளர் ஆபீசுக்குப் போனான். பலகையில் தலையை வைத்து ஒரே முட்டு.

மடார்!

தலை அந்தப் பக்கம் வந்துவிட்டது, காது, கன்னம் எல்லாம் சேர்த்து. உடும்பு அலறியது. காட்டெருமை மரங்கொத்திக்குப் போன் போட்டது. மரங்கொத்தி பக்கத்துக் காட்டில் ஒரு சீரியலுக்கு மாளிகை செட் போட்டுக்கொண்டிருந்தது. இப்போதைக்கு வர முடியாதாம். அடுத்த படத்துக்குப் போஸ்டர் உடனே வேண்டும். கரடியை இழுத்துவிட்டு ரித்விக்கை நுழைத்துப் பார்த்தார்கள். தோள்வரை தொபுக்கென்று வெளியே வந்து விழுந்தான்.

காட்டெருமை பலகையைப் பார்த்தது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கரடியைப் பார்த்தது.

"அடடா! இந்த மூஞ்சியைத்தானே இத்தனை நாளா தேடிட்டிருந்தேன்!"

அப்புறமென்ன, அந்தக் காட்டில் கரடிப் படங்களாக ஓடின. பேச்சிமுத்துவுக்கு 'உறுமும் உள்ளம்' என்று பட்டம். அவன் தம்பிக்கு ஒரு படம், தம்பியின் மச்சானுக்கு ஒரு படம். செண்பகம் புள்ளிகளைக் கழுவிவிட்டாள். ரித்விக்கின் குட்டி பள்ளிக்கூடம் போகுமுன் கரியில் புரண்டது.

ஒருநாள் உடும்பு புதுக்கதை பிடித்தது: புகழின் உச்சியிலிருந்து விழுந்த ஒரு மானின் உண்மைக்கதை. ரித்விக் தன் வேடத்தில் தானே நடிக்க ஓடிவந்தான். பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, உடம்பெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொண்டு பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தான்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. உங்ககிட்ட மான் லுக் கம்மியா இருக்கு."

ரித்விக் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். கூட வந்திருந்த செண்பகம் அப்பாவை முறைத்தாள்.

"அப்பா, இது உடும்பு உன்கிட்ட சொன்னதா நீ புலம்புன அதே டயலாக்தானே?"

"சும்மா இரும்மா, தொழில்னா அப்படித்தான். நாளைக்கு நீ ஹீரோயின் ஆக வேண்டாமா?"

ஹீரோயினுக்கான பலகை மூலையில் சாய்ந்திருந்தது. பூக்கூடை, தாவணி, மழை, எல்லாம் வரைந்து, முகத்துக்கு ஓர் ஓட்டை. முயல் அளவு. செண்பகம் தலையை விட்டுப் பார்த்தாள். மூக்கு மட்டும் நுழைந்தது.

"அப்பா, இதையும் பெருசாக்கிடலாம்ப்பா."

பேச்சிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"எனக்கு ஓகேதான்மா. முதலாளி ஒத்துக்க மாட்டார்."

செண்பகம் அப்பாவைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு ஓடிவருவதற்குத் தோதாகக் கொஞ்சம் பின்னால் போனாள்.

நீதி: மூஞ்சியை மாற்றாதீர்கள், பலகையை உடையுங்கள். உடைத்ததும், வேறு எவனும் உடைத்துவிடாதபடி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். நாற்காலி கிடைத்தபின் பெற்ற பிள்ளையைக்கூட ஓடிவந்து முட்ட இடமில்லாதபடி கிட்டத்திலேயே நிறுத்துங்கள்.