கழக இணையத்தளத்தில் என் படம்

குருநகர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகன் றோய்க்கு, மாமா கனிசியஸ் எழுதுவது. நான் நல்ல சுகம். வழக்கமாக இதை மரியாதைக்கு எழுதுவேன். இம்முறை தகவலாக எழுதுகிறேன். உன் மாமி றோஸும் சுகம், ஆனால் தொலைபேசியில் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கனடாக் குளிரில் நீங்களும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரல் காட்டுவதோடு சரி, அதனால்தான் மின்னஞ்சலில் நீட்டி எழுதுகிறேன்.

எங்கள் நீலக்கொடி விளையாட்டுக் கழகத்தின் இணையத்தளத்தை ஒருவரும் பார்ப்பதில்லை, பார்க்க வருபவர்களும் எழுத இடம் வேண்டும் என்றாய். நிர்வாகசபை தலையாட்டியது. நீயும் புதிதாகச் செய்து தந்தாய். எல்லாம் திறம். ஆனால் தலைவர் என்று என் படத்தைத் தனியே நடுவில் வைத்து, அழகுக்குக் கறுப்புக் கரை போட்டு, கீழே "உங்கள் நினைவுகளை இங்கே பகிருங்கள்" என்று பெட்டி வைத்தாயே, கொஞ்சமாவது யோசித்தாயா? எங்கடை சனம் காலையில் எழும்பி முதல் பார்ப்பது மரண அறிவித்தல். படம், கரை, கீழே எழுதப் பெட்டி என்றால் ஆள் முடிஞ்சுது.

முதலில் பாரிஸிலிருந்து ஜெரிசன் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று போட்டான். அதைப் பார்த்து லண்டன், அதைப் பார்த்து நோர்வே. பண்டத்தரிப்பிலிருந்து சிசிலியா அக்கா அழுதபடி போன் எடுத்தா. "அக்கா, அவர் முற்றத்திலை இருந்து கூழ் குடிக்கிறார்" என்றாள் றோஸ். "ஓமடி, உனக்கு இப்ப அப்பிடித்தான் தெரியும்" என்று அவ இன்னும் பெரிதாக அழுதா. கழகப் பெடியள் கொடியை அரைக்கம்பத்தில் விட்டு, பயிற்சியையும் நிறுத்திப்போட்டாங்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அதே பெட்டியில் எழுதினேன். அதற்குக் கீழே ஒருவர், "இறந்தவரின் பெயரில் விளையாடுவதைக் கண்டிக்கிறோம்" என்று எழுத, கனபேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இதெல்லாம் போகட்டும். லெனாட்டைத் தெரியுமல்லவா, எங்கள் பழைய உதைபந்தாட்டக் கோல் காப்பாளன், என்னோடு ஒரே வள்ளத்தில் கடற்றொழிலுக்குப் போனவன். நாங்கள் சேர்ந்து ஆடிய காலத்தில், கோயில் பெருநாள் இறுதியாட்டத்தில் என்னால்தான் கோல் விழுந்தது என்று கோபித்து, அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. மகளோடு கோப்பாய்க்கும் போய்விட்டான். அவனும் எழுதியிருக்கிறான்: "அந்தக் கோலுக்கு நான்தான் காரணம். தேவையில்லாமல் கோலை விட்டு முன்னுக்குப் போனது நான். கனிசியஸ் இருக்கேக்கை சொல்ல வாய் வரேல்லை." வாசித்துவிட்டு அழுதேன், றோய். நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் அவன் வெட்கத்தில் இனி இந்தப் பக்கமே வரமாட்டான். அவன் அறிவதற்குள் அந்தப் பக்கத்தை அடியோடு அழித்துவிடு.

உனக்கும் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் காவல் என்றும் இருக்கட்டும்.

இன்னும் உயிரோடிருக்கும் மாமா,
கனிசியஸ்

பி.கு.: அனுப்ப முதல் இதையும் சேர்க்கிறேன். அந்தப் பக்கத்தில் கை வைக்காதே. பின்னேரம் லெனாட் மலர்வளையத்தோடு வந்தான். கதவைத் திறந்தது நான். வளையத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"நீ சாகேல்லையோ?"

"இல்லை."

"அப்ப நான் எழுதினதை அழிக்கச் சொல்லு."

"றோய்தான் அழிக்கவேணும். அவன் ஆறுதலா, நாள் எடுத்துத்தான் செய்வான்."

"சரி, நாளைக்கு வந்து பாக்கிறன்" என்றான். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனான். அழிக்கும்வரை தினமும் வருவானாம். நீ ஆறுதலாகவே இரு, மருமகன்.