ஒவ்வோர் இழுப்பறையிலும் பிள்ளையார்

பிடிவாதத்தைத் திறமை என்று நெடுங்காலம் எண்ணி வாழ்ந்தவன் நான். இரண்டும் வெவ்வேறு என்பதை எனக்கு உணர்த்தியவர் விநாயகப் பெருமான். அதுவும் ஒரே முற்பகலில், ஏழு முறை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. தியாகராய நகரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில், வரைபடங்களைப் பிரதியெடுக்கும் டிரேசராக இருந்தேன். படிப்பு பள்ளியிறுதியோடு நின்றது; மற்றதெல்லாம் நானே கற்றது. அலுவலகத்துக்கு ஒரு கணினியும், எந்தக் கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருளும் வந்து சேர்ந்தன. மாடிப்படி வேலை முடிந்ததா என்று கேட்டால் அது சொல்லும். மாடிப்படியின் வரைபடம் எங்கே என்று கேட்டால் விழிக்கும். அக்குறையைப் போக்குவது என் பிறவிக் கடமை என்று தீர்மானித்தேன். (அப்படி யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.)

கணினிப் புத்தகம் ஒன்றையும் அகராதி ஒன்றையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, எட்டு மாதம் பாடுபட்டு அம்மென்பொருளுக்கு ஒரு துணை உறுப்பைக் கட்டினேன். ஒவ்வொரு கட்டடத்தின் பெயரோடும் நான்கு இழுப்பறைகள்: வரைபடம், அனுமதி, கடிதம், புகைப்படம். எந்தக் கோப்பும் தனக்குரிய இழுப்பறையில், தேதியோடும் ஒப்புதல் தந்தவர் பெயரோடும்தான் நுழைய இயலும். இதற்கு ‘இணைப்புப் பேழை’ எனப் பெயர் சூட்டினேன். அலுவலகத்தார் ‘பொட்டி’ என்றார்கள்.

மளிகைப் பட்டியலுக்கும் பிள்ளையார் சுழி போடுபவன் நான். வெற்று இழுப்பறையைத் தொடங்கி வைக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே ஒவ்வொன்றிலும் முதல் கோப்பாகச் சிறியதொரு பிள்ளையார் படத்தை எழுந்தருளச் செய்தேன். தட்டச்சுப் பணியிலிருந்த வசந்தா ஒரு நாள் கைதவறி ஒரு பிள்ளையாரை அழித்துவிட்டார். (அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.) இனி அவ்வாறு நேரலாகாது என்று, பேழையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எல்லா இழுப்பறைகளிலும் பிள்ளையார் புதிதாக வந்து அமரும்படி நிரல் எழுதினேன்.

பிற்பாடு, பழைய வரைபடத்தை எவரும் தவறி எடுத்துவிடக் கூடாதே என்று ஒரே ஒரு பொத்தான் வைத்தேன். அதை அழுத்தினால் இழுப்பறைக்குள் கடைசியாக வந்த கோப்பு மட்டுமே தெரியும்; மற்றவற்றைப் பார்க்க வேறு வழியே வைக்கவில்லை. வரைபடம் ஒன்றை உள்ளே வைத்த கையோடு அழுத்திப் பார்த்தேன். அந்த வரைபடமே வந்தது. சோதனை இனிதே நிறைவுற்றது என்று அறிவித்தேன். காகிதப் பிரதிகள் அடைந்து கிடந்த இரும்பு பீரோவை மேற்கு மாம்பலத்துக் கிடங்குக்கு அனுப்பிவைத்தேன். எந்த வரைபடத்தையும் ஒரு நிமிடத்தில் காட்டாவிட்டால் டிரேசிங் மேசைக்கே திரும்பிவிடுவதாக முதலாளியிடம் வாக்கும் கொடுத்தேன்.

மறுநாளே வாக்குக்கு வேளை வந்தது. பக்கத்துத் தெருவில் எங்களைக் கொண்டு துணிக்கடை கட்டிக்கொண்டிருந்த காதர் பாய் வந்து அமர்ந்தார். மாடிப்படி இடப்பக்கமா வலப்பக்கமா என்று மும்முறை மனம் மாற்றியவர், கடைசியாக எதில் கையெழுத்திட்டோம் என்பதை மறந்திருந்தார். அவ்வேளையில் கட்டடத்திலிருந்து மேஸ்திரி குப்புசாமி தொலைபேசியில் அழைத்தார்.

“சார், கலவை போட்டாச்சு, காஞ்சிகினு கீது. படி இந்தாண்டையா அந்தாண்டையா? சட்டுனு சொல்லு சார்.”

ஒரு நிமிடம் பொறுக்கும்படி கம்பீரமாகக் கூறிவிட்டு, முதலாளி முன்னிலையில் பொத்தானை அழுத்தினேன். பிள்ளையார் வந்தார்.

காதர் பாய் திரையை உற்றுப் பார்த்தார். “நல்ல சகுனந்தான். படி எந்தப் பக்கம்?”

பேழையை மூடித் திறந்து அழுத்தினேன். பிள்ளையார். அனுமதி இழுப்பறையில் பார்த்தேன். அங்கும் அவரே. கணினியையே அணைத்து மீண்டும் உயிர்ப்பித்தேன். முன்னிலும் தெளிவாகக் காட்சி தந்தார். திறக்குந்தோறும் நானே அவரைப் புதிதாக வரவழைக்கிறேன், ஆகவே கடைசியாக வந்தவர் எப்போதும் அவரே என்பது என் மூளைக்கு எட்டவில்லை. பீரோவிலிருந்து எடுத்து வரக் கிடங்குக்கு ஆள் அனுப்பட்டுமா என்று முதலாளி கேட்டார். தேவையில்லை என்றேன். தொலைபேசி இருமுறை அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாம் முறை திறந்தேன்.

வசந்தாதான் மெல்ல வாய் திறந்தார். “சார், நீங்க தொறக்கத் தொறக்கத்தானே அவர் புதுசா வந்து உக்கார்றார்? ப்ளான் அவருக்குப் பின்னாடி இருக்கும். அவரை எடுத்துடுங்க.”

எடுப்பதா? வரைபடமும் என் வாக்கும் அவருக்குப் பின்னால் காத்திருந்தன. ஆயினும் அழிக்கும் விசையை நோக்கி என் விரல் நகர மறுத்தது. செய்தியைக் கேட்டறிந்த காதர் பாய் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீ ஏன் சார் அவரை அழிக்கணும்? பொறந்ததுலேந்து மயிலாப்பூர்ல பாத்துக்கினு கீறேன், அவரு வாசல்ல, தெருமுனையிலதான் உக்காருவாரு. நீ பீரோ பீரோவா உள்ள போட்டுப் பூட்டி வெச்சா, வெளிய வரத்தானே பாப்பாரு? வாசல்ல வை.”

பேழையின் முகப்புத் திரையில் அவரைப் பெரிதாக அமர்த்தினேன். இழுப்பறைகளிலிருந்து அவர் தாமாக விலகிக்கொள்ளும்படி நிரலைத் திருத்தினேன். வலப்பக்கப் படியோடு, காதர் பாயின் கையெழுத்தோடு வரைபடம் வந்தது. அதற்குள் ஒன்றரை மணி நேரம் கடந்திருந்தது. குப்புசாமியை அழைத்துச் சொன்னேன்.

“அந்தக் கலவையா? அத்த வாச்மேன் ரூம்ல கொட்டி தரை போட்டுட்டேன் சார். வீணாப் போவக்கூடாதுல்ல.”

மறுநாள் காலை, வாக்குத் தவறாதவனாய் டிரேசிங் மேசையில் போய் அமர்ந்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். “அங்க என்ன பண்றீங்க? பொட்டியை யாரு தொறக்கறது?”

பேழை பல ஆண்டுகள் உழைத்தது. காதர் பாய் கடையின் காவலாளி அறைத் தரை மட்டும் முக்கால் அடி உயர்ந்தது உயர்ந்ததுதான்; உள்ளே போகிறவரும் வருகிறவரும் தலை குனிந்தே ஆக வேண்டும். தீபாவளித் துணி எடுக்க அவ்வழியே போகும்போதெல்லாம் என் மனைவி சற்று நிற்பாள். காவலாளி குனிந்து வெளிப்படும்வரை காத்திருந்து, பேரப்பிள்ளைகள் காதில் விழும்படியாகச் சொல்வாள்:

“பாருங்கோ, உங்க பிள்ளையாருக்கு இன்னும் கும்பிடு போட்டுண்டுதான் இருக்கார்.”