நார்வே நடிகையின் சிதம்பரம் வேடம்

தேதிகளை மனப்பாடம் செய்கிறவனுக்குத் தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொள்ளும் நோய் வரும். எனக்கு அது முற்றிப் போயிருந்தது.

கடலூரில் நாடகக் குழு நடத்தும் என் மச்சான் (மனைவியின் தம்பி), ஊர் சுற்றிப் பார்க்க வந்திருந்த நார்வே மேடை நடிகை ஒருவரைச் சிதம்பரத்தில் அரை மணி நேரம் தனியாக நடித்துக் காட்டச் சம்மதிக்க வைத்தான். அவர் இயக்குநரும்கூட. கல்யாண மண்டபம் ஒன்றின் சிறிய கூடம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கிடைத்தது. அறிமுக உரை என்னுடையது.

“அஞ்சே நிமிஷம், மாமா. அவுங்க நடிப்பைப் பாக்கத்தான் ஜனம் வருது,” என்றான்.

அவனுக்கு என்ன தெரியும்? மூன்று வாரம் இணையத்தைக் குடைந்து, அந்த அம்மாளின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக முப்பத்தொரு பக்கம் எழுதியிருந்தேன். (அவருக்கே அவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது.)

பதினொன்று ஐந்துக்குத் தொடங்கினேன். பிறந்த கிழமை, அன்று அந்த ஊரில் பெய்த பனி, முதல் மேடையேற்றம், முதல் விவாகரத்து என்று எதையும் விடவில்லை. வயதையும் கணக்கிட்டுச் சொன்னேன். அவர் காதில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்த மச்சான், விவாகரத்து வந்ததும் வாயை மூடிக்கொண்டான். அவர் முதல் நாடகத்தை இயக்கிய ஆண்டை நான் தொட்டபோது, மாலை வரவேற்புக்கான அலங்காரக்காரர்கள் வாழை மரத்தோடு பின்கதவில் நின்றார்கள்.

“மாமா! மணி பதினொன்னு அம்பத்தி நாலு!”

“இருடா. இன்னும் இருபத்தெட்டு வருஷம் இருக்கு.”

“அவுங்களுக்கா, எங்களுக்கா?” என்றாள் முன்வரிசையிலிருந்த என் மனைவி.

நடிகை எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கி அணைத்தார். மிஞ்சியது ஆறு நிமிடம். தயாரித்து வந்ததை விட்டுவிட்டார். இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். விரலை நாக்கில் தொட்டு, இல்லாத தாளைப் புரட்டினார். வயிற்றைத் தள்ளி, சுட்டுவிரலை உயர்த்தி, கூட்டத்தை ஏளனமாகப் பார்த்தார். ஒரு சொல் இல்லை. வாழை மரம் சுமந்தவர்கூட அதை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

நான் மட்டும், ‘இது எந்த நாடகம், எந்த ஆண்டு?’ என்று என் தாள்களில் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் நடிக்க வந்த நாடகத்தைச் சிதம்பரம் இன்றுவரை பார்க்கவில்லை. அதற்கு ஒரே காரணம் நான்.

அந்த வேடம் இப்போது என் மனைவி வசம். போன மாதம் வடலூரில் ஒரு புதுமனை புகுவிழாவில், உறவுக்காரப் பெண்கள் கேட்க, நடித்துக் காட்டியிருக்கிறாள். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு நான் உள்ளே வந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அட, இவுரு நெஜமாவே இருக்காரா!” என்றார்.