குங்கிலிய நாற்காலி

பி.எஸ்சி. படித்தவனிடம் வீட்டுச் சாமான் எதையும் ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். நானே பி.எஸ்சி. என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். தோவாளையிலிருந்து பெண்ணின் அப்பா எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. (எங்கள் பக்கம் பையன் வீட்டை ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் சம்மதம் சொல்வார்கள்.) பெண்ணை ஏற்கெனவே கோயிலில் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் சன்னியாசம்தான் என்று இருந்தேன்.

வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியில் பிரம்பு கிழிந்து கிடந்தது. கடற்கரையில் வள்ளத்துப் பலகை இடுக்கை நாரும் குங்கிலியப் பிசினும் வைத்து அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். கடலையே தடுக்கிறது, ஒரு மாமனாரைத் தாங்காதா? தேங்காய் நாரை அடுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, ஒரு இருக்கை வார்த்தேன். விடியற்காலையில் இரண்டு நெல் மூட்டையை ஏற்றினேன். இம்மி அசையவில்லை.

"கொள்ளாம்லே" என்றார் அப்பா. அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதலும் கடைசியும்.

வாடை போகட்டும் என்று நாற்காலியைப் பங்குனி வெயிலில் முற்றத்தில் போட்டேன். வள்ளம் எந்நேரமும் தண்ணீரில் குளிர்ந்து கிடக்கிறது என்பது பட்டதாரி மூளைக்கு எட்டவில்லை. மரியாதைக்காக மேலே வெள்ளைத் துண்டு வேறு விரித்திருந்தேன். அடியில் குங்கிலியம் இளகியது தெரியவில்லை.

உச்சி வேளைக்குப் பெண்ணின் அப்பா வந்தார். துண்டோடு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டேன். நல்ல கனத்த உடம்பு. உட்கார்ந்து மோர் குடித்தார். வயல், உத்தியோகம் எல்லாம் விசாரித்தார். திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

"தம்பி, கசேர தாழுதா, இல்ல நான் தாழுதனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நார் பட்பட்டென்று விட்டது. முழங்கால் தாடையில் இடிக்க, மனிதர் மடங்கி உள்ளே போனார். நானும் அப்பாவும் கையைப் பிடித்து இழுத்தோம். அவர் எழும்பினார், நாற்காலியும் கூடவே எழும்பியது. கடைசியில் வேட்டியை நாற்காலிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, அப்பாவின் வேட்டியைச் சுற்றிக்கொண்டு (முழங்கால் வரைதான் எட்டியது) பஸ் ஏறினார். நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று அழுதேன். இதில் என்ன வெட்கம்.

பத்தாம் நாள் ஆள் வந்தது. சம்மதமாம்.

கல்யாணம் முடிந்தபிறகு பயந்து பயந்து மனைவியிடம் காரணம் கேட்டேன்.

"அப்பா மூணு வீடு பாத்தாவ. மத்த ரெண்டு வீட்டையும் வயலும் வரப்புமாட்டுச் சொன்னாவ, எனக்கு உறக்கம் வந்துட்டு. உங்க வீட்டச் சொன்னப்பம் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. இந்த வீடு போதும்ன்னேன்."

இன்றும் மாமனார் வீட்டில் நான் எதில் உட்காரப் போனாலும் மைத்துனன் ஓடிவந்து கையைப் பிடிப்பான். "அத்தான், கொஞ்சம் வெயில் ஆறட்டும். பெறவு இருங்க."