நீர்ச்சிங்கத்தின் முகம்

மலைக்கு அந்தப் பக்கம், அதாவது நம்முடைய பக்கம் இல்லவே இல்லாத பக்கம், கவசபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே மழை பெய்தது, வெயில் அடித்தது, மக்கள் வரி கட்டினார்கள். மற்ற எல்லாவற்றையும் வீரர்கள் பார்த்துக்கொண்டார்கள். வீரர்கள் அட்டைகளில் இருந்தார்கள்.

அட்டை என்றால் உள்ளங்கை அளவு, வழவழப்பான தாளில் அச்சடித்தது. பளபளக்கும் பொட்டலத்தில் வரும். உள்ளே எந்த வீரன் இருக்கிறான் என்பது பிரித்தால்தான் தெரியும். முதலில் இது பிள்ளைகளின் ஆட்டமாகத்தான் இருந்தது. எதிராளி முன்னால் ஓர் அட்டையைப் போட்டு, “அனல்வேலன் வந்தான்!” என்று கத்துவார்கள், அவன் அதைவிடப் பெரிய அட்டையைப் போடுவான். மகாகவசர் பட்டத்துக்கு வந்ததும் ஆட்டத்தை ஆட்சியாக்கினார். தீ அணைக்கிறவனையும் ஏரியில் மண் போடுகிறவனையும் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை என்பதை அவர் இளவரசராக இருந்தபோதே கவனித்திருந்தார்.

காவல் குலம் என்று ஏழு வீரர்களை அறிவித்தார்கள். தீக்கு அனல்வேலன், காற்றுக்குப் புயல்மார்பன், திருடர்களுக்கு இடிக்கையன், நோய்க்கு மருந்துமாயன், பஞ்சத்துக்குப் பசிக்கொல்லி, எல்லைக்கு இமையாக்கண்ணன், வெள்ளத்துக்கு நீர்ச்சிங்கம். முதல் ஆறு பேருக்கும் மன்னரின் முகம்தான். முகமூடியின் நிறம் மட்டும் வேறு. தேர்தலில் இந்த ஆறு பேரும் ஒருவரை எதிர்த்து ஒருவர் நின்றார்கள். சென்ற முறை புயல்மார்பன் இடிக்கையனைக் கடும் போட்டியில் தோற்கடித்தார். வென்றவர் சார்பில் மன்னர் நன்றி சொன்னார். தோற்றவர் சார்பில் மக்கள் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்றுக்கொண்டார்.

நீர்ச்சிங்கம் அட்டை மட்டும் வெளிவரவில்லை. மன்னருக்குச் சளித் தொல்லை உண்டு. ஈரத்துணியோடு ஓவியர் முன்னால் நிற்க அரண்மனை வைத்தியர் அனுமதிக்கவில்லை.

கீழ்மதகு என்கிற ஊருக்கு இதுதான் வினையாகப் போயிற்று. ஊர் ஏரிக்கரையின் அடியில் இருந்தது. கோடைதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாகப் போய்க் கரையை மேடாக்குவது அந்த ஊரின் வழக்கம். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். வேலை முடிந்ததும் கரையிலேயே கூழ் காய்ச்சிக் குடித்துவிட்டு வருவார்கள். மகாகவசர் அதை ஒழித்தார். “வீரர்கள் வாழும் நாட்டில் குடிமக்கள் மண் சுமப்பது வீரர்களுக்கு இழுக்கு” என்பது ஆணையின் முதல் வரி. மண்வெட்டிகளைப் பறிமுதல் செய்து, வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். மக்கள் வாங்கிக்கொண்டார்கள். முதுகு வலிக்காத ஆணையை யார் வேண்டாம் என்பார்கள்?

பிறகு, முழுக் குலத்தையும் சேர்த்தவர்தான் வீரரை அழைக்க மனுக் கொடுக்கலாம் என்று ஆணை வந்தது. பொட்டலம் அச்சடிக்கும் செலவுக்காகப் பங்கீட்டு அரிசி பாதியானது. அடுத்து, முனை மடங்கிய அட்டை செல்லாது என்றார்கள். முனை மடங்கிய வீரனால் பறக்க முடியாதாம். அன்றிலிருந்து கீழ்மதகில் அட்டைகளைப் பானைக்குள் வைத்தார்கள். பானைகள் காலியாக இருந்ததால் இடத்துக்குக் குறைவில்லை.

கரைக்கு நேர் கீழே கடைசி வீடு மாசாணத்துடையது. அவன் மனைவி கோசலை. கைக்குழந்தை ஒன்று. அந்தக் கோடையில் அவர்கள் வீட்டுப் பின்சுவர் ஈரமானது. மாசாணம் கரையில் ஏறிப் பார்த்தான். நண்டுவளை போல ஓர் ஓட்டை, அதிலிருந்து நூலாகக் கசிவு. ஏரியில் தண்ணீர் அடியில்தான் கிடந்தது. அன்றைக்கு நான்கு பேர் சேர்ந்திருந்தால் பொழுது சாய்வதற்குள் அடைத்திருக்கலாம். ஆனால் கீழ்மதகு மக்களுக்கு அட்டையில் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. தெருவே கூடி, ஆளுக்கு ஒன்றாக அட்டை கொடுத்து, ஆறு வீரர்களையும் சேர்த்துவிட்டார்கள். பெருமையாகக்கூட இருந்தது. முனை மடங்காமல் இருக்க முறத்தில் துணி விரித்து அடுக்கிக் கோசலையிடம் கொடுத்து, வீரநலத்துறை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

வட்ட அதிகாரி தாண்டவராயர் முறத்தைப் பார்த்தார்.

“ஏழாவது வீரர் எங்கே?”

“அது இன்னும் வெளியே வரலைங்களே, ஐயா.”

“வெளிவராதது அட்டையின் குற்றமன்று. சேர்க்காதது உங்கள் குற்றம்.”

“ஐயா, ஏரி இப்ப வத்திக் கெடக்கு. நாலு கூடை மண்ணு போட்டா அடைஞ்சிரும். எங்க வீட்டு ஆம்பளைங்களே போடுறோம்ங்கிறாங்க. நீங்க சரின்னு சொன்னாப் போதும்.”

தாண்டவராயர் எழுந்து நின்றார். சுவரில் இருந்த மன்னர் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“நாலு கூடை மண்ணா? நீர்ச்சிங்கம் ஆற்ற வேண்டிய அரும்பணியை நாலு கூடை மண் ஆற்றிவிடும் என்கிறாயா? இதற்கு வீர நிந்தனை என்று பெயர். தாயாக இருப்பதால் மன்னிக்கிறேன். பொறுமையாக இரு. அடுத்த தொகுப்பில் வரும்.”

அடுத்த நாளே கரையில் காவல் போட்டார்கள். கசிவை அடைக்க அல்ல, அடைப்பவரைப் பிடிக்க.

மாசாணம் திருட்டுத்தனமாகப் போகப் பார்த்தான். கோசலைதான் தடுத்தாள். “வர்ற வெள்ளிக்கிழமை பொட்டலம் குடுக்கிறாங்க. இந்தத் தடவை வந்துரும்ங்க. நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா நானும் புள்ளையும் என்ன பண்றது?” என்றாள். வெள்ளிக்கிழமை பொட்டலத்தில் பசிக்கொல்லி வந்தான். அதற்கடுத்த பொட்டலத்திலும் பசிக்கொல்லிதான். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடே நம்பிய ஒன்றை அவளும் நம்பினாள், அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்டது. நூலாக வந்த கசிவு கயிறாகிவிட்டது. ஒரு விடியற்காலை கரையின் ஒரு பக்கம் சரிந்து, கோசலையின் அடுப்படிக்குள் சேறு வந்தது. காவலர்கள் மழைக்குப் பயந்து சத்திரத்துக்குள் ஒதுங்கியிருந்தார்கள். மாசாணம் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

“புள்ளையத் தூக்கிக்கிட்டு மேட்டுத் தெருவுக்குப் போ.”

“நீங்களும் வாங்க. போனா வீடுதானே போவுது.”

“வீடு மட்டுமா போவும்? கீழ இருக்கிற அத்தனை பேரும் இன்னும் எந்திரிக்கவே இல்ல. போ புள்ள, நிக்காத.”

போகும்போது தெருக்கதவுகளை எல்லாம் தட்டிக்கொண்டே போனான். பக்கத்து வீட்டுச் செண்பகத்தின் புருஷன் வந்தான், இன்னும் சிலர் வந்தார்கள். மண்வெட்டி இல்லை. சோற்றுப்பானையாலும் கையாலும் மண் அள்ளினார்கள். கதவுகளைக் கழற்றிக் கொண்டுபோய் உடைப்பில் சாத்தினார்கள். மாசாணம் உடைப்புக்குள் இறங்கி, கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றான். மேலே இருந்தவர்கள் அவனைச் சுற்றி மண்ணைக் கொட்டினார்கள். கரை நின்றது. ஊர் பிழைத்தது. கரையோடு நின்றுபோன மாசாணத்தை மழை விட்ட பிறகுதான் வெளியே எடுக்க முடிந்தது.

கோசலை அழவில்லை என்று எழுத ஆசைதான். அப்படி எழுதினால் கதைக்கு ஒரு கம்பீரம் வரும். ஆனால் அவள் அழுதாள். மண்ணில் புரண்டு, “நான்தானே போகவிடாமப் பிடிச்சு வச்சேன்” என்று தொண்டை கட்டும்வரை அழுதாள்.

மூன்றாம் நாள் காரியத்துக்கு முன்னே அரண்மனை முரசு வந்துவிட்டது. “கீழ்மதகில் நீர்ச்சிங்கம் தோன்றினார்! தன்னந்தனியாகக் கரையைக் காத்தார்!” நாங்களும்தான் கூட நின்றோம் என்று சொன்ன செண்பகத்தின் புருஷனையும் மற்றவர்களையும் கைது செய்தார்கள். வீரர் தனியாகத்தான் வந்தார் என்று முரசு சொன்ன பிறகு, கூட இருந்தோம் என்பது பொய் சாட்சி. தடைசெய்யப்பட்ட மண்ணைத் தொட்டதற்கு வேறு தனி வழக்கு.

அரண்மனை ஓவியர் ஒருவர் கோசலை வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கணவர் எப்படி இருப்பார் என்று மெதுவாகக் கேட்டார். “ஒல்லிதாங்க. முன்பல்லு கொஞ்சம் எடுப்பு. சிரிச்சா கையால மறைச்சுக்குவாரு” என்றாள் கோசலை. ஓவியர் தலையாட்டிக்கொண்டே வரைந்தார்.

அட்டை வெளியானது. கதவு அகலத்துக்கு மார்பு, நீலக் கவசம், பின்னால் காற்றில் பறக்கும் போர்வை. பற்கள் வரிசையாக இருந்தன. கண்கள் மட்டும் மாசாணத்தின் கண்கள். ஓவியருக்கு அந்த அளவு மனசாட்சி இருந்திருக்கிறது. விழாவில் மன்னர் கண் கலங்கினார். “நான் போகவேண்டிய இடத்துக்கு அவர் போனார்” என்றார். நாடே கைதட்டியது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பொட்டலங்கள் தீர்ந்துபோயின.

முதல் அட்டையைக் கோசலைக்குக் கொடுத்தார்கள். அவள் அதை முறத்தில் வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, மற்ற ஆறையும் எடுத்துக்கொண்டு தாண்டவராயரிடம் போனாள்.

அவர் இந்தத் தடவை அவளை உட்காரச் சொன்னார். “முழுக் குலம்! இந்த வட்டத்திலேயே நீதான் முதல். மனுவைச் சொல், அம்மா.”

“கரை இன்னும் பாதி பிளந்துதான் நிக்குது. அடுத்த மழைக்குத் தாங்காது. ஆளுங்கள விட்டுக் கட்டிக் குடுங்க. பிடிச்சு வச்சிருக்கிறவங்கள விட்டாலே போதும், அவங்களே கட்டிருவாங்க.”

“ஆட்களா? நீர்ச்சிங்கம் இருக்கும்போது ஆட்கள் எதற்கு?”

“அவரு செத்துட்டாரு, ஐயா.”

“வீரர்கள் இறப்பதில்லை.” தாண்டவராயர் இதைக் கனிவோடுதான் சொன்னார்.

“சாகலைன்னா வீட்டுக்கு அனுப்பி வைங்க. புள்ள அப்பாவைத் தேடுது.”

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இப்படியொரு மனு அவர் படித்த விதிகள் எதிலும் இல்லை.

“வீரர்களுக்கு வீடு கிடையாது, அம்மா. மனைவி மக்கள் கிடையாது. அவர் நாட்டுக்குச் சொந்தம். இனிமேல் அவரை உன் கணவர் என்று வெளியே சொல்லாதே. சொன்னால் நானே நடவடிக்கை எடுக்கவேண்டி வரும். கரை பற்றிய மனுவை ஏற்கிறேன்.”

மனு ஏற்கப்பட்டது என்றால் பொய்யில்லை. அன்றைக்கே ஊழியர்கள் வந்தார்கள். கோசலையின் முந்தானையிலிருந்து அட்டையை வாங்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, கரையின் பிளவுக்கு மேலே கம்பம் நட்டு மாட்டினார்கள். நீர்ச்சிங்கம் பொறுப்பேற்றுக்கொண்டதாக ஒரு பலகையும் வைத்தார்கள். கம்பம் நடத் தோண்டிய குழியிலிருந்தும் தண்ணீர் கசிந்தது.

கோசலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அண்ணன் வீட்டோடு போய்விடலாம் என்று கிளம்பினாள். வழியில் கந்தகப்பட்டி. ஊர் முழுக்க வாணவெடி செய்கிற பட்டறைகள். சந்தையில் கூட்டமாக இருந்தது. முரசறைகிறவன் மேடையில் நின்று புதிய ஆணையைப் படித்துக்கொண்டிருந்தான். நீர்ச்சிங்கத்தின் பெருவெற்றியைத் தொடர்ந்து, மன்னர் மற்ற அட்டைகளிலிருந்தும் தம் முகத்தைப் பெருந்தன்மையோடு விலக்கிக்கொள்கிறார். இனி ஒவ்வொரு வீரரும் மக்களிடமிருந்தே தோன்றுவார்கள். முதலாவதாக அனல்வேலன். அவருக்கு இடம் கொடுக்கும் பொருட்டுக் கந்தகப்பட்டியின் தீயணைப்புக் கொட்டகை இன்றோடு மூடப்படுகிறது. தண்ணீர்த் தொட்டிகளை அரசு எடுத்துக்கொள்ளும்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. பொட்டலங்களை இலவசமாக வீசினார்கள். கோசலைக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி ஒன்றைத் தாவிப் பிடித்தாள். அவள் புருஷன் பட்டறையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். கை முழுக்க வெடிமருந்தின் கருப்பு. அவள் பிரித்துப் பார்த்தாள். சிவப்புக் கவசம், தீ நிறத்தில் போர்வை. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை.

“முகம் பின்னால வருமாம்” என்று கோசலையிடம் காட்டிச் சிரித்தாள். “யாருக்குக் குடுத்து வச்சிருக்கோ!”

கோசலை அவள் கையைப் பிடித்தாள். “அம்மா, நான் சொல்றதக் கேளு. உன் வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே ஊர விட்டுப் போயிரு. இதுக்கு முந்தின அட்டையில வந்தாரே நீர்ச்சிங்கம், அவரு என் வீட்டுக்காரரு.”

அந்தப் பெண் கையை உருவிக்கொண்டாள். கோசலையை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஓகோ. உங்க வீட்டுக்காரரு ஒருத்தரே போதும், வேற யாரும் வரக்கூடாதோ?”

பிறகு புருஷனின் தோளைத் தட்டித் திருப்பி, அட்டையை அவன் முகத்துக்குக் கீழே பிடித்து, ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தாள். “கொஞ்சம் நிமிந்து நில்லுங்க” என்றாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.