நடுக்கோட்டில் நாலு கிலோ

பூமியின் நடுக்கோடு, பசிபிக் கடலில் கிரிபட்டி நாட்டைச் சேர்ந்த எங்கள் தீவின் குறுக்கே ஓடுகிறது. போன மாதம்வரை அதை ஒரு கோழிகூட மதித்ததில்லை. கப்பலில் சமையல்காரனாக இருந்த கைதாரா ஊர் திரும்பினான். கோட்டுக்கு மகிமை வந்துவிட்டது!

கோடு போகும் இடத்தில் வெள்ளைச் சிப்பிகளை வரிசையாக அடுக்கினான். தெற்கே ஒரு எடைப்பொறி, வடக்கே ஒன்று. ஆள் ஏறாத நேரத்தில் இரண்டுக்கும் பூமாலை சாத்தி மூடிவைப்பான். என்ன பக்தி!

"பூமி சுத்துற வேகத்துல, கோட்டைத் தாண்டினா நோய் தெறிச்சு ஓடிடும். எடையைப் பாருங்க, தெரியும்!"

தெற்கில் தொண்ணூறு காட்டிய ஆள், தாண்டி வடக்கில் ஏறினால் எண்பத்தாறு. அடேங்கப்பா! பக்கத்துத் தீவுகளிலிருந்து படகு படகாய் வந்து இறங்கினார்கள்.

மகான் கூலி கேட்கமாட்டான். "அந்தப் பன்றி அழகா இருக்கே, குடேன்" என்பான். எங்கள் ஊரில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்பது மானக்கேடு. பன்றி போயிற்று, பாய் போயிற்று, என் மீன்வலையும் போயிற்று.

பூமி சுற்றுவதால் எடை குறைவது உண்மைதான். துருவத்தில் நிறுத்த அரிசி மூட்டையை அதே பொறியில் இங்கே நிறுத்தால் இரண்டு மூன்று பிடி குறைத்துக் காட்டும். அந்தச் சலுகை தீவு முழுக்க உண்டு, நாய்க்கும் உண்டு. மூன்று எட்டு வைத்ததற்கு நாலு கிலோவா? யார் யோசித்தார்கள்!

என் அண்ணன் தெபுரேயாவுக்குச் சர்க்கரை நோய். காலில் புண் கறுத்துவிட்டது. தலைநகர் தராவாவின் ஆஸ்பத்திரிக்குப் போகும் கப்பல் கரையில் நின்றது. அவரோ மருந்தையும் நிறுத்திவிட்டு, "இன்னும் ரெண்டு தடவை தாண்டினா போதும்" என்று சிப்பி வரிசையிலேயே கிடந்தார்.

அண்ணி ரோதியா ஒரு பவளக்கல்லைச் சுமந்து வந்தார். தெற்கில் வைத்தார்: பத்து. வடக்கில் வைத்தார்: ஆறு.

"ஏன் கைதாரா, கல்லுக்குமா சர்க்கரை?"

கூட்டம் சிரித்தது. அவன் அசரவில்லை. "கோட்டோட சக்தி அக்கா! கல்லையும் விடாது."

"அப்படியா? சரி, அந்த வடக்குப் பொறியை எனக்குக் குடேன்."

அவன் முகம் வெளுத்தது. ஊரே பார்க்கும்போது இல்லையென்று சொல்ல வாய் வருமா? கொடுத்தான்.

அண்ணி அதைத் தெற்கே தூக்கி வந்து கல்லை ஏற்றினார். அங்கேயும் ஆறு! கல்லை இறக்கினார். மாலை இல்லாத வெறும் பொறியில் முள், சுழிக்கு நாலு கிலோ கீழே படுத்திருந்தது.

"முள்ளைத் திருகி வச்சிட்டுப் பூமி மேல பழி போடுறியா, திருட்டுப் பயலே!"

"என் பன்றியைக் குடேன்!" "என் பாயைக் குடேன்!" என்று ஊர் மொத்தமும் அவனைச் சூழ்ந்துகொண்டது. அண்ணன் மட்டும் தன் காலைப் பார்த்தார்.

"ரோதியா... கப்பல் போயிடுச்சா?"

"இன்னும் போகல. ஏய், தூக்குங்கடா மனுஷனை!"

தூக்கிக்கொண்டு ஓடினோம். இத்தனை தடவை தாண்டியும் ஒரு கிராம் குறையவில்லை; என் தோளைக் கேளுங்கள், சொல்லும். கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

ஐயா, பெரியோர்களே! பூமி இந்த வேகத்தில் சுற்றியும் உங்கள் தலை தோளைவிட்டுத் தெறித்து ஓடவில்லை அல்லவா? இருக்கிற தலையைக் கொஞ்சம் பயன்படுத்தினால் என்ன?